கரமனையின் கூட்டுக் குரல்

நீலகண்ட சிவனின் பஜனை ஒலித்த ஆற்றங்கரை அக்ரஹாரம் பாபநாசம் சிவன் என்ற சிறுவனுக்கு இசையின் ருசியைக் காட்டியது. எல்லோரும் சேர்ந்து பாடும் அந்தக் கலைக்கு இன்று தேவைப்படுவது பாகவதர்கள் மட்டுமல்ல, பின்பாட்டுக்காரர்கள்.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் புறப்படும் பஸ், கிள்ளிப்பாலம் தாண்டியதும் கரமனைக்குள் நுழைந்துவிடும். கடைகள், பேங்குகள், வாகன நெரிசல். அடுத்து ஒரு பாலம். பாலத்தின் கீழே கரமனை ஆறு. பெரும்பாலான பயணிகளுக்குக் கரமனை என்பது இவ்வளவுதான். நகரம் முடியப்போகிறது என்பதற்கு ஓர் அடையாளம்.

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வேறு ஊர். ஆற்றை ஒட்டி, ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வீட்டு வரிசைகள். ஓட்டுக் கூரையும் திண்ணையும் உள்ள வீடுகள் சில இன்னமும் மிச்சம். வாசலில் அரிசிமாக் கோலம். சத்தியவாகீஸ்வரர் கோயில் மணி. உள்ளேயிருந்து கேட்கும் பேச்சு தமிழ். ஆனால் தஞ்சாவூர்க்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் சட்டென்று பிடிபடாத தமிழ். நடுநடுவே மலையாளச் சொற்கள் உறவினர் வீட்டுக்கு வந்ததுபோல் உரிமையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அகத்திய மலைத் தொடரில் பிறந்து, எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடி, கோவளத்துக்கு அருகே கடலில் கலக்கிறது கரமனை ஆறு. தலைநகரத்தின் குடிநீரும் இந்த ஆற்றிலிருந்துதான். அருவிக்கரையிலும் பேப்பாறையிலும் அணைகள். ஆற்றின் பெயரைச் சொன்னால் கேரளத்தில் குடிநீர் நினைவுக்கு வரும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு: இந்தக் கரையில் வாழ்ந்த நீலகண்ட சிவன்.

தமிழ் வந்த வழி

திருவிதாங்கூரில் தமிழ் விருந்தாளி அல்ல. அரசின் பழைய தலைநகரமான பத்மநாபபுரமே தமிழ் பேசும் பகுதியில்தான் இருந்தது. இன்று அது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரண்மனை வேலை, கோயில் கைங்கரியம், வேத பாராயணம், கணக்கு, சமையல் என்று பல வேலைகளுக்காகத் திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் வந்து குடியேறின. கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் அக்ரஹாரங்கள் எழுந்தன. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் கடை விரித்தார்கள்.

இந்த நகரத்தின் தமிழுக்கு ஒரு நீண்ட வரிசை உண்டு. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-ல் 'மனோன்மணீய'த்தை வெளியிட்டார். பிற்காலத்தில் நகுலன், ஆ. மாதவன், நீல. பத்மநாபன் ஆகியோர் இங்கிருந்துதான் எழுதினார்கள். சாலைத் தெரு மாதவனின் கதைகளில் வாழ்கிறது. நகரமே பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுர'த்தில் நடமாடுகிறது. சங்கீதத்துக்கோ சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரசவை (1829-46) ஒரு பெரிய வாசல். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இங்கே வந்தார். கதாகாலட்சேபத்தில் பெயர்பெற்ற மேருசாமியும் வந்தார்.

அரசவைக்கு வந்தவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. தெருவில் பாடியவர்களின் பெயர்கள் அநேகமாக ஏறவில்லை. அந்த வரிசையில் ஏறிய அபூர்வமான பெயர்களில் ஒன்று நீலகண்ட சிவன்.

ஒரு சிவன், இன்னொரு சிவன்

1839-ல் நாகர்கோவிலை ஒட்டிய வடிவீசுவரத்தில் பிறந்தவர் அவர். வைத்த பெயர் சுப்பிரமணியன். வளர்ந்தது பத்மநாபபுரத்தில். அங்கே கோயில் கொண்டிருக்கும் நீலகண்டசுவாமியிடம் கொண்ட ஈடுபாடு அவர் பெயரையே மாற்றிவிட்டது. பின்னாளில் கரமனையில் வந்து தங்கினார். பாடினார். பாட வைத்தார். 1900-ல் மறைந்தார்.

நீலகண்ட சிவனின் பாடல்கள் பெரும்பாலும் தமிழில் உள்ளவை. பெரும்பாலும் சிவன் மேல் பாடியவை. இன்றும் கச்சேரி கேட்பவர்களுக்கு அவற்றில் சில நன்றாகத் தெரியும். தில்லைக் கூத்தனின் நடனத்தைச் சொல்லும் பூர்விகல்யாணிப் பாடல் ஒன்று. சிவனருள் என்று கிடைக்குமோ என்று ஏங்கும் முகாரி ஒன்று. முசிறி சுப்பிரமணிய ஐயர் குரலில் அந்த முகாரியைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை சித்தி கைவந்தாலும் பக்தி இல்லாவிட்டால் என்ன பயன் என்று கேட்கும் கரகரப்பிரியா ஒன்று. தமிழிசைச் சங்கம் தோன்றிய 1940-களில் 'தமிழில் கச்சேரிக்கு ஏற்ற உருப்படிகள் எங்கே?' என்ற கேள்வி சூடாக எழுந்தது. அதற்குச் சுமார் அரை நூற்றாண்டுக்கு முன்பே, மலையாளம் சூழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அந்தக் கேள்விக்கு விடை எழுதி வைத்திருந்தார் என்பதுதான் சுவாரஸ்யம்.

ஆனால் கச்சேரி மேடை அவர் குறியல்ல. அவர் பாடியது பஜனையில். கேட்பவர் என்று தனியாக யாரும் இல்லாத இடம் அது. வந்தவர் எல்லோரும் பாடுபவர்களே.

1899-ல் இந்த நகரத்துக்கு ஒரு சிறுவன் வந்தான். தஞ்சை மாவட்டம் போலகத்தில் 1890-ல் பிறந்த ராமையா. தகப்பனார் 1897-ல் காலமாகிவிட்டார். தாயார் யோகாம்பாள் பிள்ளைகளோடு உறவினர் துணையை நம்பித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். ராமையா இங்கே மலையாளம் கற்றார். மகாராஜாவின் சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து வியாகரணத்தில் பட்டம் வாங்கினார். நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் சங்கீதம் பயின்றார். ஆனால் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது கரமனை நீலகண்ட சிவனின் பஜனை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இருவரும் ஒரே ஊரில் இருந்தது ஓராண்டுக்குச் சற்று முன்பின். பெரியவருக்கு அறுபது, சிறுவனுக்கு ஒன்பது. அவ்வளவு சிறிய காலத்தில் ஒரு மனிதர் எவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? இங்கேதான் பஜனையின் பலம் தெரிகிறது. தனிக் குருவிடம் கற்றது குருவோடு போய்விடக்கூடும். கோஷ்டியில் கற்றதற்கு அந்தப் பயமில்லை. தலைவர் போனாலும் பின்பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் பாட்டு இருக்கிறது. ஒன்பது வயதில் காதில் விழுந்ததைப் பதினெட்டு வயது வரையிலும் பாடிக்கொண்டிருக்கலாம்.

1910-ல் தாயார் மறைந்ததும் ராமையாவுக்குத் திருவனந்தபுரத்தில் பிடிப்பில்லாமல் போயிற்று. கோயில் கோயிலாகச் சுற்றினார். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் இருந்த தமையனார் வீட்டுக்குப் போனார். உடம்பெல்லாம் திருநீறு பூசி உருகிப் பாடும் அந்த இளைஞரை ஊரார் 'சிவன்' என்றே அழைத்தார்கள். பாபநாசம் சிவன் ஆனார். 1920-களின் தொடக்கத்தில் சென்னை மயிலாப்பூரில் குடியேறி, மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனையை நடத்தினார். மேடைக் கச்சேரிக்கும் சினிமாவுக்கும் அவர் எழுதிய பாட்டுக்களைத் தமிழகமே பாடிற்று. 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' என்று தியாகராஜ பாகவதர் கொடிகட்டிப் பறந்த படங்களில் பாட்டு அவருடையது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1971-ல் வந்தது. அடுத்த ஆண்டு பத்மபூஷண். 1973-ல் மறைந்தார். இத்தனைக்கும் நடுவே அவர் விடாமல் பிடித்துக்கொண்டது மாடவீதி பஜனையை. மயிலாப்பூரில் வேர்விட்ட அந்த மரத்தின் விதைகளில் ஒன்று கரமனை ஆற்றங்கரையிலிருந்து போனது.

வசந்தத்தின் விளையாட்டு

பஜனை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு உருகும் முகங்களே பலருக்கு நினைவு வரும். அது பாதி உண்மை. தென்னிந்திய சம்பிரதாய பஜனைக்குச் சிரித்த முகம் ஒன்று உண்டு.

இந்த முறையின் மூலவர்கள் காவிரிக்கரைக்காரர்கள். கோவிந்தபுரத்து போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள், முறையை ஒழுங்குபடுத்திய மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். தோடயமங்களத்தில் தொடங்கி, குரு வணக்கம், ஜயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம், புரந்தரதாசர், பத்ராசல ராமதாசர், சதாசிவ பிரம்மேந்திரர், கபீர், மீரா, துகாராம் என்று மொழி மாறி மொழி தாவும். சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், தமிழ், இந்தி, மராத்தி. இந்தியாவைப் பற்றி மேடையில் பேசுபவர்களுக்குத் தெரியாத ஒருமைப்பாடு, சிப்ளாக்கட்டை ஏந்திய ஒரு கிராமத்து பாகவதருக்குச் சாதாரண சங்கதி.

வேலை செய்யும் விதம் எளிது. பாகவதர் ஒரு அடியைப் பாடுவார். கோஷ்டி அதைத் திருப்பிப் பாடும். ஆர்மோனியம் சுருதி காட்டும். மிருதங்கம் நடை போடும். ஜால்ரா எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டும். காலம் மெல்ல மெல்ல ஏறும். உச்சத்துக்குப் போனதும் நாமாவளி, கோஷம், பிறகு சட்டென்று மௌனம். சங்கீத ஞானம் உள்ளவர் சங்கதி போடலாம். இல்லாதவர் தாளம் போடலாம். இரண்டுக்கும் அங்கே மரியாதை ஒன்றுதான்.

பங்குனி, சித்திரையில் ராமநவமி உற்சவம் வரும்போது அக்ரஹாரங்களில் இந்த பஜனைக்குத் தனிக் களை. பானகம், நீர்மோர், கோசுமல்லி. கேரளத்துத் தோட்டங்களில் கொன்றை பூத்துக் கிடக்கும். விஷு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பலா பழுக்கத் தொடங்கியிருக்கும். சமையற்கட்டில் சக்கைப் பிரதமன். சீதா கல்யாணமோ ராதா கல்யாணமோ நடந்தால் காலையில் உஞ்சவிருத்தி: பாகவதர் சொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடியபடி தெருவில் நடப்பார், வீட்டுக்கு வீடு அரிசி விழும். பிறகு கல்யாணம். பாட்டாலேயே முகூர்த்தம், பாட்டாலேயே மாலை மாற்றல்.

இந்தக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதிக்கே 'வசந்த கேளிக்கை' என்று பெயர். புது மணமக்களான தெய்வங்களை மகிழ்விக்கும் விளையாட்டு. பூ தூவுவார்கள். கும்மியும் கோலாட்டமும் உண்டு. திவ்யநாமத்தின்போது நடுவில் விளக்கை வைத்துச் சுற்றிச் சுற்றி ஆடியவர்களின் கால்கள் இங்கே இன்னும் இலேசாகும். காலையில் கோப்புகளோடு மல்லுக்கட்டிய தலைமை குமாஸ்தா இரவில் கோபிகை ஆவார். கணித வாத்தியார் கோலை வீசித் துள்ளுவார். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், யாரும் அதட்டுவதில்லை. தெய்வத்தின் முன்னால் சிரிக்கலாம் என்று பஜனை சம்பிரதாயம் என்றோ தீர்மானித்துவிட்டது.

உலகத்தின் மறுகோடியில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறது. இங்கிலாந்தில் குளிர் போய் வசந்தம் வந்ததும் இருபது முப்பது பேர் கொண்ட சிறு பாடகர் குழுக்கள் கிராமத்து மாதா கோயில்களில் கூடிப் பாடும். அன்றைக்குத் துதிப்பாடல்களோடு குயில், காதல், மே மாதம் என்று பழைய மாட்ரிகல் பாட்டுக்களும் இடம்பெறும். தாமஸ் மார்லி 1601-ல் தொகுத்து வெளியிட்ட மாட்ரிகல்கள் இன்னமும் வாயில் புழங்குகின்றன. ஆக்ஸ்போர்டில் ஆண்டுதோறும் மே முதல் தேதி காலை ஆறு மணிக்கு மாடலின் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியில் நின்று பாடகர் குழு பாடும். கீழே தெருவில் கூட்டம் அண்ணாந்து கேட்கும்.

வித்தியாசமும் உண்டு. அங்கே ஒரே பாட்டை நான்கைந்து குரல்கள் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே இடத்தில் வந்து சேரும். இங்கே எல்லாக் குரலும் ஒரே வழியில் நடக்கும். அங்கே ஒத்திகை பார்த்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடுவார்கள். இங்கே பாடுவதே ஒத்திகை. ஆனால் காரணம் ஒன்று. பருவம் மாறும்போது தனியாக இருக்க மனிதருக்கு மனம் வருவதில்லை.

கை தட்டாத மண்டபம்

கரமனை இன்னொரு சங்கீதத்துக்கும் வாசல். புரட்டாசியில், நவராத்திரிக்கு முன்னால், பத்மநாபபுரத்திலிருந்து ஒரு ஊர்வலம் புறப்படும். கம்பர் பூஜித்ததாக ஐதீகம் சொல்லும் சரஸ்வதி யானைமேல். வேளிமலை குமாரசுவாமி. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை. கூடவே உடைவாள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் கரமனை வந்து சேர்வார்கள். இங்கிருந்து குமாரசுவாமிக்கு வெள்ளிக் குதிரை வாகனம். பிறகு கோட்டைக்குப் பயணம். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாறி, கன்னியாகுமரி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு, இந்தச் சாமிகள் ஒவ்வொரு ஆண்டும் களியக்காவிளையில் மாநிலம் தாண்டுகிறார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் அங்கே விடைகொடுக்கும். கேரளப் போலீஸ் வரவேற்கும். கரமனைவாசிகளுக்கு இது வேடிக்கை அல்ல. தங்கள் முன்னோர் வந்த வழியில் சாமி வருகிறது.

சரஸ்வதி போய்ச் சேரும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி. சுவாதித் திருநாள் இந்த ஒன்பது நாட்களுக்கென்றே இயற்றிய ஒன்பது கிருதிகளில் நாளுக்கு ஒன்று முக்கிய உருப்படி. முன்னதாக முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடுவார்கள். பரம்பரையாக வரும் ஒரு சிறு கோஷ்டி. மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடிய வேண்டும். மேல்சட்டை கூடாது. கை தட்டக் கூடாது. பாட்டு தேவிக்கு, ரசிகர்கள் ஒட்டுக் கேட்பவர்கள், அவ்வளவே.

இதே ஊரில் இரண்டு இசை மரபுகள். ஒன்றில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இன்னொன்றில் யாரும் வாய் மூடக் கூடாது. இரண்டிலும் ஒரு பொதுக் குறை இருந்தது. மண்டபத்தில் பெண்கள் பாட அனுமதி இல்லை. 2006-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அன்று பாடியவர் பாறசாலை பி. பொன்னம்மாள். 1939-ல் தொடங்கிய சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் சேர்ந்த முதல் பெண் மாணவி அவர். அங்கேயே ஆசிரியையும் ஆனார். மண்டபத்தில் பாடியபோது வயது 81. வலியசாலை அக்ரஹாரத்துவாசி. 2017-ல் பத்மஸ்ரீ. 2021-ல் காலமானார்.

தெரு பஜனையிலும் கதை இதேதான். உஞ்சவிருத்தியில் தெருவில் நடந்து பாடியவர்கள் ஆண்கள். பெண்கள் வாசலில் நின்று அரிசி போட்டார்கள். உள்ளே வந்து அதே பாட்டைச் சமையற்கட்டில் முணுமுணுத்தார்கள். குழந்தையைத் தூங்கவைக்கப் பாடினார்கள். பாட்டு அழியாமல் இருந்ததற்கு அந்த முணுமுணுப்புக்கும் பங்குண்டு. அதற்குக் கோஷ்டியில் இடம் கிடைக்கத்தான் வெகுநாள் ஆயிற்று. இன்று பல ஊர்களில் மாதர் பஜனைக் குழுக்கள் இல்லாவிட்டால் பஜனையே இல்லை என்ற நிலை.

தெருவுக்கு வெளியே

'எல்லோரும் சேர்ந்து பாடுவது' என்பதில் எல்லோரும் என்றால் யார்? கரமனையில் நீலகண்ட சிவன் பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு வேறு இடங்களில் பதில் எழுதப்பட்டது. 1888-ல் நெய்யாற்றங்கரையின் அருவிப்புறத்தில் நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். சிவனைத் தொட எந்த ஜாதிக்கு உரிமை என்ற கேள்வி அந்தக் கல்லோடு எழுந்து நின்றது. 1893-ல் நகரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டி, தம் மக்கள் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் ஓட்டிக்காட்டினார். தெருவில் பாடுவது ஒருபுறம் இருக்கட்டும். தெருவில் நடப்பதற்கே போராட்டம் வேண்டியிருந்தது.

சிவனைப் பற்றித் தமிழில் பாடிய நீலகண்ட சிவனும், சிவன் மேல் தமிழிலும் பதிகங்கள் பாடிய நாராயண குருவும் ஒரே காலத்தவர்கள்; சில மைல் தூரத்துக்காரர்கள். இருவர் பாட்டும் ஒரே தெருவில் ஒலித்திருக்க வாய்ப்பில்லாத காலம் அது. 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்த பிறகே திருவிதாங்கூர்க் கோயில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. அக்ரஹாரத்து பஜனையின் இனிமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு பொய்க்கணக்காகிவிடும். தெரு கட்டிய வேலி பஜனையைக் காப்பாற்றியதாகப் பழையவர்கள் நினைத்திருக்கலாம். வேலிக்குள் குரல்கள் குறையத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வந்து சேர ஆள் இல்லை என்பதும் அதே வேலியின் பலன்தான்.

பின்பாட்டுக்கு ஆள்

நீலகண்ட சிவனின் பாட்டுக்கள் அழிந்துபோகும் அபாயம் இல்லை. அவை கச்சேரி மேடையேறி வெகுநாளாகிவிட்டது. கேசட்டில் வந்தன; சி.டி.யில் வந்தன, இப்போது செல்போனில் எந்த நேரமும் கேட்கலாம். அவர் பெயரில் இசை விழாக்களும் நடந்து வந்திருக்கின்றன. ஒரு வாக்கேயக்காரருக்கு இது போதாதா?

போதாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மேடையில் ஒருவர் பாடுகிறார், நூறு பேர் கேட்கிறார்கள். பூர்விகல்யாணி அற்புதமாக விரிகிறது. நிரவல், ஸ்வரம், கைதட்டல். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டு பிறந்த இடத்தில் நூறு பேரும் பாடினார்கள். கேட்பவரைப் பாடுபவராக்கியதுதான் அதன் முதல் வேலை. ஒன்பது வயது ராமையா டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்டு பாபநாசம் சிவன் ஆகவில்லை. பெரியவர்களுக்கு நடுவே நின்று, சுருதி சேராத வயதிலேயே வாய்விட்டுப் பாட அவருக்கு இடம் கிடைத்தது. இன்றைய ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு கிடைக்கிறது, போட்டி மேடை கிடைக்கிறது, டி.வி. நிகழ்ச்சியில் நடுவரின் மதிப்பெண் கிடைக்கிறது. தப்பாகப் பாடினாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கூட்டம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

அக்ரஹாரம் மாறிக்கொண்டிருப்பது கரமனைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், வளைகுடா, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். பெரியவர்கள் இருக்கும்வரை வீடு, பிறகு விற்பனை. பக்கத்துச் சுவரை ஒட்டி நின்ற வீடு இடிக்கப்பட்டு மாடிக் கட்டடம் எழும்போது போவது திண்ணை மட்டுமல்ல. உஞ்சவிருத்திக்கு நின்று பாட வேண்டிய வாசல் போய்விடுகிறது. அந்த இடத்தில் இரும்புக் கேட்டும் அழைப்பு மணியும்.

மொழியும் இருக்கிறது. கேரளத்தில் படிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச்சு மட்டும்தான். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவது இந்த வீடுகளில் புதிதல்ல. இப்போது ஆங்கில எழுத்தும் வந்துவிட்டது. இதைக் கேட்டுத் தமிழ்நாட்டுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் தெலுங்கு எழுத்து தெரியாமலே தியாகராஜரைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து நூறாண்டுகளுக்கு மேல் பாடிக்கொண்டிருப்பவர்கள் அதே தமிழ்நாட்டுக்காரர்கள்தான். எழுத்து மாறினால் பாட்டு செத்துவிடாது. 'ழ' கொஞ்சம் நோகும், அவ்வளவே. வாய் மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நம்பிக்கைக்கும் இடமில்லாமல் இல்லை. நாமசங்கீர்த்தனம் இன்று டெல்லி, மும்பை தமிழர் குடியிருப்புகளில் ராதா கல்யாணமாகச் செழித்திருக்கிறது. அக்ரஹாரத்தை விட்டுப் போனவர்கள் அதைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஒரே தெருக்காரர்கள் என்ற கட்டு இல்லை. பாலக்காட்டார், தஞ்சாவூரார், ஆந்திரர், மராத்தியர் எல்லோரும் ஒரே பந்தலில். பெண்கள் பாடுகிறார்கள், மிருதங்கத்தை இளைஞர்கள் கேட்டு வாங்கி வாசிக்கிறார்கள். தெருவை இழந்த பஜனைக்கு ஊர் கிடைத்திருக்கிறது.

கரமனைக்கு அதே பாடம் திரும்பி வரலாம். வீட்டு வரிசைக்குள் புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் எல்லோரும் தமிழர்கள் அல்ல, ஒரே ஜாதியும் அல்ல. ராமநவமிக்குப் பானகம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவர்கள்தான் அவர்கள். பாட்டுப் புத்தகமும் ஒன்று கொடுத்துப் பார்க்கலாம், மலையாள எழுத்திலேயே. கோஷ்டியின் இலக்கணம் தெளிவானது: பாகவதர் ஒரு அடி பாடுவார், பிறகு நிறுத்துவார். அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம்.